22 பேர், ஒரே கப்பல்

பாட்டிக்கு 75 வயது நிறைவடையப் போகிறது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தில் மொத்தம் 22 பேர். மண்டபத்தில் விருந்து வைப்பதற்குப் பதிலாக, இம்முறை எல்லாரும் சேர்ந்து கப்பலில் போய் வரலாமே என்று ஒருவர் சொல்கிறார். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் உடனே கைதட்டும் படங்கள் குவிகின்றன. ஒரு வாரம் கழித்து, "எந்தத் தேதி?" என்ற கேள்விக்கு ஆறு விதமான பதில்கள் வருகின்றன. விலையைக் கேட்டதும் சிலர் பதிலே அனுப்புவதில்லை. சிங்கப்பூரில் பல குடும்பங்களின் கப்பல் பயணத் திட்டம், கடலைப் பார்ப்பதற்கு முன்பே இந்த இடத்தில் தரைதட்டி நின்றுவிடுகிறது.

உண்மையில், பெரிய குழுவுக்குச் சொகுசுக் கப்பல் மிகவும் ஏற்றது. தங்குமிடம், உணவு, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இளையர்கள் நீச்சல் குளத்தில் இருக்கும்போது மூத்தோர் நிழலில் அமர்ந்து கடலைப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் பெட்டிகளைக் கட்டி வேறு ஹோட்டலுக்கு மாற வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1991இல் ஹார்பர்ஃபிரண்ட் வட்டாரத்தில் ஒரு கப்பல் நிலையமும், 2012இல் மரினா பே பகுதியில் இன்னொரு பெரிய நிலையமும் திறக்கப்பட்டன. இங்கிருந்து கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் போன்ற இடங்களுக்கு மூன்று அல்லது நான்கு இரவுப் பயணங்கள் உள்ளன. இப்பயணங்களில் செல்லும் பெரிய கப்பல் ஒன்றில் 4,000 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். அது ஒரு சிறிய நகரம் போன்றது. அந்த நகரத்தில் 22 பேர் ஒருவரையொருவர் தொலைத்துவிடாமல் இருப்பதற்கு, எவற்றைச் சேர்ந்து செய்வது, எவற்றை அவரவர் விருப்பத்திற்கு விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவை. எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்பது நியாயமாகத் தோன்றினாலும், 22 பேர் கூடி ஒரு தேதியைக் கண்டுபிடிப்பது அரிது. ஒருங்கிணைப்பாளர் இரண்டு தேதிகளை மட்டும் முன்வைத்து, பதில் சொல்ல ஒரு கெடு விதிப்பது நல்லது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பதால் பெரும்பாலும் ஜூன் விடுமுறை அல்லது ஆண்டிறுதி விடுமுறை என்றுதான் அமையும். இங்கே வானிலையையும் கவனிக்க வேண்டும். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராத் தீவாலும் மறுபக்கம் மலாயாத் தீபகற்பத்தாலும் காக்கப்படுவதால் பொதுவாக அலை குறைந்தே இருக்கும். ஆனால், புக்கெட் இருக்கும் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். ஆகவே, புக்கெட்டுக்குப் போக ஜூன் மாதத்தைவிட டிசம்பர் மாதம் ஏற்றது. விடுமுறைக் காலத்தில் நால்வர் தங்கும் அறைகள் விரைவாக நிரம்பிவிடும் என்பதால், ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யும் குடும்பங்களும் உண்டு.

அடுத்தது பணம். குடும்பங்கள் பேசத் தயங்குவதும், பேசாமல் விட்டால் பின்னர் மனக்கசப்பு உண்டாக்குவதும் இதுதான். விளம்பரத்தில் காணும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணமும் பல நேரங்களில் விளம்பரத் தொகையில் சேர்க்கப்பட்டிருக்காது.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 400 வெள்ளி; மூன்றாவது, நான்காவது நபருக்குத் தலா 200 வெள்ளி; கூடுதல் கட்டணங்கள் ஒவ்வொருவருக்கும் 150 வெள்ளி. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அறைக் கட்டணம் 1,200 வெள்ளி. கூடுதல் கட்டணம் 600 வெள்ளி. ஆக மொத்தம் 1,800 வெள்ளி. தனியாக ஓர் அறையில் தங்குபவரோ பெரும்பாலும் இருவருக்கான அறைக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அவருக்கு 950 வெள்ளி ஆகிவிடும். பாட்டியும் திருமணமாகாத அத்தையும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால், இருவருக்கும் தலா 550 வெள்ளி மட்டுமே.

எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வசதி இருப்பதில்லை. "எல்லாருக்கும் பால்கனி அறை" என்று ஒருவர் உற்சாகமாக அறிவித்துவிட்டால், அவ்வளவு செலவு செய்ய முடியாத தம்பி குடும்பம் என்ன செய்யும்? கடன் வாங்கும், அல்லது ஏதோ ஒரு காரணம் சொல்லி வராமல் இருந்துவிடும். இரண்டுமே பாட்டியின் பிறந்தநாளுக்கு அழகல்ல. கப்பலில் சன்னல் இல்லாத உள்ளறை, கடலைப் பார்க்கும் சன்னல் அறை, பால்கனி அறை என்று பல வகை உண்டு. சில கப்பல்களில் மிக உயர்ந்த வகை அறைகளுக்குத் தனி உணவகம் இருந்தாலும், மற்றவர்கள் அனைவரும் ஒரே உணவுக்கூடத்தில்தான் சாப்பிடுவார்கள். ஒரே அரங்கில்தான் நிகழ்ச்சி பார்ப்பார்கள். எனவே, அறை வகையை ஒவ்வொரு குடும்பமும் தானே தேர்ந்தெடுக்க விடுவதே நல்லது. எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதைக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் கேட்காமல், ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரையும் தனியாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். இதைச் செய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால், தொழில்நுட்பத்தால் எளிதாக்க முடியாத வேலைகளுள் இதுவும் ஒன்று.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அறைகளைப் பதிவு செய்தால் குழுச் சலுகை கிடைக்கலாம். 8 அறைகள் என்பது பல நிறுவனங்களில் காணப்படும் அளவு. ஒரே ஓர் அறை குறைவதால் சலுகை கைநழுவுவதும் உண்டு. ஆகவே, பதிவுக்கு முன்பே முகவரிடம் கேட்டுவிட வேண்டும். முழுத் தொகையையும் எப்போது செலுத்த வேண்டும், பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். 22 பேர் பயணம் செய்யும்போது ஒருவருக்காவது காய்ச்சலோ அவசர வேலையோ வரக்கூடும். பயணக் காப்புறுதியை ஒவ்வொருவருக்கும் எடுப்பது வீண் செலவன்று. கப்பலில் மருத்துவ நிலையம் உண்டு; ஆனால், அங்கே ஆகும் கட்டணம் நம் பலதுறை மருந்தகத்தில் ஆவதைவிடப் பன்மடங்கு அதிகம்.

அறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அசைவு குறைவாக உணரப்படும். வாந்தி, தலைசுற்றல் வரக்கூடியவர்களுக்கு அவ்விடமே பொருத்தமானது. பெரிய கப்பலின் நடைபாதைகள் மிக நீளமானவை. முழங்கால் வலியுள்ள பாட்டியின் அறை மின்தூக்கிக்கு அருகில் இருந்தால்தான் அவர் ஒரு நாளைக்குப் பலமுறை வெளியே வருவார். இல்லையென்றால், பிறந்தநாள் கொண்டாடப்படும் அவரே பெரும்பொழுதை அறைக்குள் கழிக்க நேரிடும். சக்கர நாற்காலி எளிதாக நுழையக்கூடிய அறைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கலாம்.

ஆவணங்களில் ஒருவர் செய்யும் பிழை அவரைக் கப்பல் நிலையத்திலேயே நிறுத்திவிடும். ஒவ்வொருவருடைய கடப்பிதழும் பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். குழுவில் வெவ்வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவிலிருந்து விருந்தினராக வந்திருக்கும் மாமா கப்பலில் மலேசியாவுக்குச் சென்றால், அவர் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர் ஆகிறார். திரும்பும்போது மீண்டும் நுழைய அவருடைய விசா இடம் தருகிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். பெற்றோர் வர முடியாமல் பெரியப்பாவுடன் வரும் பிள்ளைக்கு, பெற்றோர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரம்புகள் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும், 24 வாரங்களை எட்டிய கர்ப்பிணிகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

கப்பலில் ஏறியபின், காலை முதல் இரவு வரை எல்லாரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய தவறு. இரண்டாம் நாளே சலிப்பும் சிறு சண்டைகளும் தலைகாட்டும். நாளுக்கு ஒரு வேளை, பெரும்பாலும் இரவு உணவு, அனைவரும் கூடுவதற்குப் போதுமானது. மற்ற நேரம் அவரவர் விருப்பம். 22 பேருக்கும் அருகருகே மேசைகள் வேண்டும் என்றும், சைவ உணவு, ஹலால் உணவு, ஒவ்வாமை பற்றிய விவரங்களையும் முன்பே தெரிவித்துவிட வேண்டும். பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றவோ, அறையில் விளக்கும் ஊதுவத்தியும் கொளுத்தவோ அனுமதி இல்லை. நடுக்கடலில் தீயைவிட ஆபத்தானது எதுவுமில்லை என்பதே காரணம். துணி தேய்க்கும் பெட்டியும் இதே காரணத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

நடுக்கடலில் திறன்பேசியையும் முழுமையாக நம்ப முடியாது. கப்பலின் இணையச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கப்பலில் இயங்கும் தொலைபேசிக் கட்டமைப்புடன் திறன்பேசி தானாக இணைந்துகொண்டால் கட்டணம் எகிறிவிடும் என்பதால், விமானப் பயன்முறைக்கு மாற்றி வைப்பது பாதுகாப்பு. அதனால் பழைய வழியே சிறந்தது: "மாலை 6 மணிக்கு, ஐந்தாம் தளப் படிக்கட்டின் அருகில்" என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்வது.

துறைமுகங்களில் இறங்கும்போது நேரம்தான் மிகப் பெரிய சிக்கல். புக்கெட்டின் உள்ளூர் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே பின்பற்றக்கூடும். "மாலை 5 மணிக்குள் கப்பலுக்குத் திரும்புங்கள்" என்ற அறிவிப்பு கப்பல் நேரத்தைக் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையில் திறன்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்திற்கு மாறி 4.30 என்று காட்டும். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று கடையில் நிற்பவருக்குத் தெரியாது, கப்பலில் அப்போது மணி 5.30 என்பது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாக டாக்சி எடுத்துச் சென்றவர்களுக்காக அது காத்திருக்காது. அவர்கள் தங்கள் செலவில் விமானம் ஏற வேண்டியதுதான். கையில் கட்டும் சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்திற்கு வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

மேலும், புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரங்களில் கரைக்கு வராமல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை அனுப்புகின்றன. ஆடும் படகில் கால் வைத்து ஏறுவது பாட்டிக்குக் கடினம். அலை அதிகமானால் படகுப் பயணமே ரத்தாகலாம். பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. கப்பல் ஜார்ஜ்டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் நேராக நிற்கும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரும், அதிலுள்ள குட்டி இந்தியாவும் நடக்கும் தூரத்தில் உள்ளன. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கரை புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் பல்லாண்டுகள் பயணிகளை ஏற்றி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் அறை இல்லாமல் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். பேரப்பிள்ளைகளிடம் பாட்டி சொல்வதற்கு இங்கே கதை இருக்கலாம். அதைக் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அது கடைத்தெருவில் கழியும் நேரத்தைவிடப் பயனுள்ளது.

கப்பல் புறப்படும் முன் நடைபெறும் பாதுகாப்புப் பயிற்சியை எவரும் தவிர்க்க முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று கப்பலேறிய பல பயணிகளுக்கு அதுவரை பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. அதன்பின் அனைத்துலக விதி கடுமையாக்கப்பட்டது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அது அவசரநிலை அறிவிப்பு. அப்போது ஒவ்வொருவரும் தம் அறைக்குக் குறிக்கப்பட்ட ஒன்றுகூடும் இடத்திற்குச் செல்ல வேண்டும். ஒரே குடும்பம் என்றாலும், வெவ்வேறு பகுதிகளில் அறை இருந்தால் இந்த இடமும் வேறுபடலாம். உறவினரைத் தேடிக் கூட்டத்திற்கு எதிர்த்திசையில் ஓடுவது தேடுபவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பாட்டியை யார் அழைத்துச் செல்வது, ஒன்றுவிட்ட சகோதரர்களுடன் விளையாடிக்கொண்டிருக்கும் சிறு பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பவற்றை முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது 22 பேர் கொண்ட குழுவில் எளிதாக வரும் நினைப்பு.

கடைசி இரவில் இரண்டு வேலைகள். கப்பலில் வாங்கும் பொருள்களுக்கு ரொக்கம் கொடுப்பதில்லை. அறை அட்டையின் கணக்கில் செலவு ஏறிக்கொண்டே போகும். பொதுச் செலவுகளை எந்த அறைக் கணக்கில் எழுதினார்கள் என்பதை நினைவு இருக்கும்போதே பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டிகளை அன்றிரவே அறை வாசலில் வைத்துவிட்டால், ஊழியர்கள் அவற்றை எடுத்துச் சென்று மறுநாள் கப்பல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள். கடப்பிதழும் மருந்துகளும் கைப்பையில் இருக்க வேண்டும். மறுநாள் போட வேண்டிய உடையும்தான். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு குடிநுழைவு வரிசையில் நிற்பவர்களைக் கப்பல் ஊழியர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.