காடு சேர்க்கும் கரியும் காட்டோர மக்களும்

நம் கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் வனத்துக்குப் போவதாகப் பொருளில்லை; சோளமோ கடலையோ விளையும் மானாவாரி நிலத்துக்குப் போவதாகவே பொருள். நாம் இங்கே சொல்ல வந்தது மேற்கு மலைகளில் இருக்கும் காட்டைப் பற்றி. சிறுவாணித் தண்ணீரைத் தருவது அந்தக் காடு என்பதை நாம் அறிவோம். அது கண்ணுக்குத் தெரியாத வேறொரு பொருளையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதுதான் கரி.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தண்டிலும் கிளையிலும் வேரிலும் சேமிக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. உலர்ந்த எடை 100 கிலோ என்றால் அதில் கரி 50 கிலோ. கரியின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. கணக்குப் போட்டால், அம்மரம் சுமார் 183 கிலோ கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்திருப்பது விளங்கும். அதை வெட்டி எரித்தால் அத்தனையும் மீண்டும் காற்றில் கலந்து, பூமியின் வெப்பத்தைக் கூட்டும்.

அப்படியானால், காட்டை அழியாமல் காப்பவருக்கு ஊதியம் தரலாமே! 2005-ஆம் ஆண்டு ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பாப்புவா நியூகினியும் கோஸ்டாரிகாவும் இக்கருத்தை முன்வைத்தன. இதற்கான திட்டங்கள் நடக்கும் முறை இதுதான். காட்டில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, மரங்களின் பருமனை மார்பளவு உயரத்தில் அளக்கிறார்கள். அதைக் கொண்டு மொத்தக் கரியைக் கணிக்கிறார்கள். திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று மதிப்பிட்டு, காப்பாற்றப்பட்டது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு சான்று கிடைக்கிறது. அச்சான்றுகளை விற்ற பணம் காட்டைக் காத்த மக்களுக்குப் போக வேண்டும்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த உதாரணம் மேகாலயாவின் காசி மலை. அங்கே மாப்லாங் பகுதியில், 'ஹிமா' எனப்படும் 10 பழங்குடி ஆட்சிப் பகுதிகள் ஒன்றுகூடிச் சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பில் இத்திட்டத்தை மேற்கொண்டன. தீ பரவாமல் தடுப்புக் கோடுகள் வெட்டினார்கள். விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். காட்டில் மேயும் கால்நடைகளுக்குப் பதிலாகப் பன்றியும் கோழியும் வளர்க்கச் சுயஉதவிக் குழுக்கள் மூலம் உதவினார்கள். 'காட்டுக்குள் போகாதே' என்று சொல்வதோடு நிற்காமல், போக வேண்டிய தேவையையே குறைத்தார்கள்!

நம் பக்கத்திலும் இவ்வழி புதியதன்று. 1997-இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்களை அமைத்து மாற்றுத் தொழிலுக்கு உதவியது. பில்லூர் அணை அருகே பரளிக்காட்டில், சுற்றுலா வருவோருக்குப் பரிசல் ஓட்டியும் உணவு சமைத்தும் பழங்குடி மக்கள் வருவாய் பெற வனத்துறை வழி செய்தது. இவை கரிச் சான்று விற்கும் திட்டங்கள் அல்ல. ஆனால் காட்டைக் காப்பவர் பிழைக்கவும் வேண்டும் என்னும் அடிப்படை ஒன்றே.

இதில் ஆபத்துகளும் உண்டு. ஒரு காட்டைக் காத்துவிட்டுப் பக்கத்துக் காட்டை வெட்டினால் என்ன லாபம்? அழிவைக் கூட்டி மதிப்பிட்டால் சான்று வெறுங்காகிதமே. சான்றை வாங்கிய ஆலை தன் புகையைக் குறைக்காமலே இருந்துவிடவும் கூடும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, காட்டைக் காப்பதாகச் சொல்லிக் காட்டு மக்களையே வெளியேற்றுவது. விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. வேலி போட்டால் அவர்கள் நடை இன்னும் நீளும். இதற்குக் காப்பாக 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அது கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தை அளிக்கிறது.

ஆகவே, இத்தகைய திட்டம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். கிராம சபையைக் கேட்டார்களா? கணக்கை எவரும் பார்க்க முடியுமா? பணம் காட்டோரத்து வீட்டின் அடுப்படி வரை போய்ச் சேர்ந்ததா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், காட்டையும் காப்பாற்றலாம். காட்டோர மக்களையும் வாழவைக்கலாம்.