வாசலில் கட்டிய யானை

விலை உயர்ந்த வேகக் கார் ஒன்றை வைத்திருப்பது, வாசலில் யானை கட்டுவது போன்றது. ஊர் கூடிப் பார்க்கும். தீனி போடுபவர் உரிமையாளர்தான்.

இத்தாலியின் மாரனெல்லோவில் தயாராகும் பெராரியின் பெயர் உலகப் பிரசித்தம். 1989-ல் வெளிவந்த அதன் 348 ரகத்தில் எஞ்சின், ஓட்டுபவருக்குப் பின்னால் இருக்கிறது. வால்வுகளைக் காலம் தவறாமல் இயக்குவது ஒரு ரப்பர் பெல்ட். கார் ஓடாமல் நின்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சின் பாழ். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே தீர வேண்டும். அதற்கு எஞ்சினையே கழற்றி இறக்க வேண்டும்! கூலியைச் சொல்லவும் வேண்டுமா?

1990-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் என்.எஸ்.எக்ஸ். காரை விற்பனைக்கு விட்டது. அலுமினிய உடல், 3 லிட்டர் எஞ்சின். பிரேசில் பந்தய வீரர் அயர்டன் சென்னா முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து யோசனை கூறினார். இதிலும் பெல்ட் உண்டு. ஆனால் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். தினமும் வேலைக்கும் ஓட்டிச் செல்லலாம்.

ஆயினும் 2005 வரை தயாரானவை சுமார் 18,000 மட்டுமே. சாதாரணக் கார் செய்யும் கம்பெனிக்கு இத்தனை விலையா என்று பலர் தயங்கினர்.

1999-ல் வந்த பெராரி 360 ரகத்தில், எஞ்சினை இறக்காமலே பெல்ட் மாற்ற வழி செய்யப்பட்டது. நல்ல நிலையிலுள்ள பழைய என்.எஸ்.எக்ஸ். இன்று 348-க்குச் சளைக்காத விலை பெறுகிறது.

பெருமை வாங்க வைக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் வண்டியே கடைசிவரை உடன் வரும். பழைய சைக்கிள் வாங்குவோருக்கும் இது பொருந்தும்.