'மாதந்தோறும்' என்று போட்டால் போதுமா?

நமது வியாபாரிகளில் பலர் கடை வாடகை, காசோலைத் திகதி, கொள்வனவுப் பயணம் எல்லாவற்றையும் கையடக்கத் தொலைபேசியின் கலண்டரில்தான் குறித்து வைக்கின்றனர். ஒருமுறை பதிந்தால் மாதந்தோறும் தானாக நினைவூட்டும். ஆனால் நாம் நினைப்பது போல அது எண்ணுவதில்லை.

புடைவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்த வேண்டுமே என்று கூகுள் கலண்டரில் 31ஆம் திகதியை 'மாதந்தோறும்' எனப் பதிந்தார். ஜனவரியில் மணி அடித்தது. பெப்ரவரியில் சத்தமே இல்லை. 31ஆம் திகதி இல்லாத மாதங்களை அது தாண்டிப் போய்விடும்; ஆண்டில் 7 மாதங்களில்தான் நினைவூட்டும். நண்பர் மிகைக்கட்டணம் கட்டினார். 25ஆம் திகதியைப் போட்டிருந்தால் வங்கிக்குப் போக அவகாசமும் கிடைத்திருக்கும்.

திங்கள் தோறும் கணக்காளரைச் சந்திப்பவர், போயா குறுக்கிட்டு அந்த ஒரு நாளை மாற்றும்போது 'இந்த நிகழ்வு மட்டும்' என்பதையே தெரிவு செய்ய வேண்டும். அவசரத்தில் 'எல்லா நிகழ்வுகளும்' என்பதை அழுத்தினால் வரிசை முழுவதும் நகர்ந்துவிடும்.

ஸகாத் கணக்கு முடிக்கும் நாளை 'ஆண்டுதோறும்' என்று பதிவது இன்னும் பிழை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆங்கிலத் திகதியிலேயே போனால் சுமார் 33 வருடங்களில் ஒரு வருட ஸகாத் விடுபட்டுவிடும். இம்முறை கணக்கை முடித்ததும், வரும் வருடத்தின் அதே ஹிஜ்ரி நாளுக்குரிய ஆங்கிலத் திகதியைப் பார்த்து (பிறையால் ஒரு நாள் முன்பின் ஆகலாம்) ஒரு தடவைக்கு மட்டும் பதிந்துகொள்ளுங்கள்.