யார் பேசுவது? அன்று கோடாங்கி, இன்று மூளைப்படம்

சோழபுரம், சேத்தூர், தேவதானம் என்று ராஜபாளையத்துப் பக்கத்து ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் இந்தக் கதையை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பையன், இருபது இருபத்திரண்டு வயது. ஒருநாள் ஷிப்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். குளிப்பதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. ஆளில்லாத திண்ணையில் உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்கிறான். அடுத்த வீட்டில் இருமினால், “என்னையத்தான் சாடை பேசுறாங்க” என்று கம்பை எடுக்கிறான். அன்றைக்கு வீட்டில் எழுந்த முதல் பேச்சு, எந்தக் கோடாங்கியிடம் கூட்டிப் போவது என்பதுதான்.

கோடாங்கி உடுக்கையை எடுப்பார். முன்னால் வேப்பிலை, எலுமிச்சம்பழம், திருநீறு. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பார்: “யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த?” பையன் வாயிலிருந்து ஒரு பெயர் வரும்வரை விடமாட்டார். கிணற்றில் விழுந்து செத்த பெண்ணோ, நாண்டுகொண்டு செத்த பங்காளியோ, ஏதோ ஒரு பெயர். பெயர் கிடைத்துவிட்டால் சேவல் அறுத்து, ஒரு கற்றை முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடலாம்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. கோடாங்கி கேட்டது சரியான கேள்வி. காதில் விழுகிற அந்தக் குரல் யாருடையது? நரம்பியல் ஆய்வாளர்கள் முக்கால் நூற்றாண்டாக அதையேதான் கேட்டு வருகிறார்கள். பதில்தான் வேறு.

உடுக்கைக்கு அடங்காதவர்களை அடுத்து ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டு போனார்கள். 1985இல் மாவட்டம் பிரியும்வரை ராஜபாளையமும் ஏர்வாடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். சாதி மதம் பார்க்காமல் தெற்கத்திச் சனம் முழுக்கப் போன இடம் அது. தர்காவை நம்பி வந்தவர்களைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. கீற்றுக் கொட்டகை, காலில் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அப்படியொரு கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்டுவது எளிது. வேறு எங்கே விட்டிருப்பார்கள் என்று கேட்டால்தான் அன்றைய நிலைமை புரியும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரி 80 கிலோமீட்டருக்கு அப்பால். அதைவிட்டால் ரயிலேறிப் போய் எழும்பூரில் இறங்க வேண்டும். கீழ்ப்பாக்கம் என்ற பெயரே நம் ஊரில் வசவாக இருந்தது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பை 1961இல் ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பையனுக்கு வந்தது போன்ற மனச்சிதைவு நோய்க்கென்றே 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 2021இல் 98 வயதில் இறந்தார். இந்த நோய்க்கான முதல் நவீன மருந்து குளோர்ப்ரோமசின், 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு 21 ஆண்டுகள் முன்பே கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் சர்ப்பகந்தா வேரை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

சரி, குரலுக்கு வருவோம். 1949இல் லூயி கோல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குரல் கேட்கிற ஒரு நோயாளியின் தொண்டையருகே மைக் வைத்து ஒலியைப் பெருக்கிக் கேட்டார். வெளியே கேட்காத அளவுக்கு மெல்லிய முணுமுணுப்பு பதிவானது. தன்னிடம் யாரோ பேசுவதாக நோயாளி சொன்ன பேச்சும் அந்த முணுமுணுப்பும் ஒத்துப்போயின. 1990களில் மூளைக்குள் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் கருவிகள் வந்தபோது லண்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். குரல் கேட்கும் நேரத்தில், நாம் பேசும்போது வேலை செய்கிற பகுதியே நோயாளியின் மூளையில் விழித்துக்கொள்கிறது. ஆக, பேசுவது அவர் மூளைதான். அது ஏன் அந்நியர் குரலாகக் கேட்கிறது?

தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ளப் பெரும்பாலோரால் முடியாது. கை அசையும் முன்பே மூளை தனக்குத் தகவல் சொல்லிவிடுவதால் கூச்சம் எடுபடுவதில்லை. பேச்சும் அப்படித்தான். வாய் திறக்கும்போதே, ‘இப்போது வரப்போவது நம் குரல்’ என்று பேச்சுப் பகுதி கேட்கும் பகுதிக்குச் செய்தி அனுப்பிவிடும். ஒலி விழுந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூளையில் ஒரு மின் அலை எழும். சொந்தக் குரல் என்றால் அந்த அலை சிறுத்துவிடும். தலையில் மின்முனைகளை ஒட்டி ஜூடித் ஃபோர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, மனச்சிதைவு நோயாளிகளிடம் அந்த அளவுக்கு அது சிறுக்கவில்லை. முன்தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. தன் மனசுக்குள் ஓடும் பேச்சு ஊரார் பேச்சாகக் காதில் விழுகிறது.

அடுத்த வீட்டு இருமலுக்கும் விளக்கம் உண்டு. எது முக்கியம், எதைக் கவனி என்று மூளைக்குள் முத்திரை குத்துவது டோபமின் என்ற ரசாயனம். அது தாறுமாறாகச் சுரந்தால் அற்பமான விஷயத்துக்கும் அந்த முத்திரை விழுந்துவிடும். இருமல், நாய்க்குரைப்பு, பஸ் நம்பர் எல்லாமே தனக்காகவே நடப்பதாகத் தோன்றும். தில்லி எய்ம்ஸில் படித்த ஷிதிஜ் கபூர் 2003இல் இதைத் தெளிவாக எழுதினார். மருந்து டோபமினை மட்டுப்படுத்துகிறது. புதிதாக முத்திரை விழுவது குறைகிறது. ஏற்கெனவே மனதில் ஊறிப்போன சந்தேகம் கரைவதற்குத்தான் வாரங்கள் ஆகின்றன. ‘மாத்திரை போட்டு மூணு நாளாச்சு, ஒண்ணும் மாறலையே’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்துக்கும் மசியாத குரல்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கிறது. இரண்டு மில்லி ஆம்பியர், ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள். பழைய ‘கரண்டு வைத்தியம்’ என்று பயப்பட வேண்டாம். மயக்க மருந்தும் இல்லை, வலிப்பும் இல்லை. உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். பலருக்குக் குரல் தணிவதைப் போலி மின்சாரத்தோடு ஒப்பிட்டே காட்டியிருக்கிறார்கள். வெங்கடசுப்பிரமணியனுக்கு 2018இல் பட்நாகர் விருது கிடைத்தது.

எனக்கு மிகப் பிடித்த ஆய்வுக்கு இவ்வளவு கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. மானுடவியலாளர் டான்யா லுர்மனும் ஸ்கார்ஃப் மருத்துவர் பத்மாவதியும் மற்றவர்களும் சேர்ந்து சென்னை, கானா நாட்டு அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மடேயோ ஆகிய மூன்று இடங்களிலும் 20 பேர் வீதம் உட்காரவைத்துப் பேசினார்கள். உங்களுக்குக் கேட்கும் குரல் என்ன சொல்கிறது? அமெரிக்கர்கள் கேட்டது பெரும்பாலும் கொடூரம்: வெட்டு, குத்து, சண்டை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டது சொந்தக்காரர் குரல்! சமைக்கச் சொல்லும், வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும், ஏசும், சில சமயம் கிண்டலும் அடிக்கும். 2015இல் இது வெளிவந்தது. நோய் ஒன்றுதான், மூளையின் கோளாறும் ஒன்றுதான். ஆனால் நம் ஆட்களுக்கு மாமியாரும் அத்தையும் அங்கேயும் வந்து வேலை ஏவுகிறார்கள்.

இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. சென்னையிலும் மான்ட்ரியாலிலும் புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குரல், சந்தேகம் போன்றவை இரு ஊரிலும் ஒரே அளவில்தான் அடங்கின. ஆனால் ஒதுங்கிக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது போன்றவற்றில் சென்னை நோயாளிகள் முந்தினார்கள். ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் முக்கியமானது, ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த குடும்பம். சங்கிலி போட்டதும் குடும்பம்தான், சோறூட்டி மாத்திரை கொடுப்பதும் குடும்பம்தான். ஏர்வாடித் தீக்கு மறு ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையும் இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் மருந்தில்லாமல் சராசரி ஆறு வாரம் தங்கிய 31 பேருக்கு, நோயின் கடுமை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததாம். கூடத் துணைக்கு ஆளும், அடி உதை இல்லாத இடமும் இருந்ததே அதற்குப் போதுமான காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்று சோழபுரத்துப் பையனுக்கு வழி அவ்வளவு தூரமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் வந்துவிட்டது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. ஆனால் மருத்துவர் அவனை ஸ்கேனுக்குள் அனுப்பி நோயைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டி, வலிப்பு போல வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். மனச்சிதைவு என்று உறுதி செய்ய இன்றைக்கும் ரத்தப் பரிசோதனையும் இல்லை, மூளைப்படமும் இல்லை. மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேட்டுத்தான் அறிகிறார்.

மாறாதது ஒன்று உண்டு, அது தாமதம். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இத்தகைய நோய் உள்ளவர்களில் நாலில் மூன்று பேர் சிகிச்சையில் இல்லை என்று தெரிந்தது. எத்தனை சீக்கிரம் மருந்து தொடங்குகிறதோ அத்தனைக்கு மீட்சி நன்றாக இருக்கும். கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், திருநீறும் பூசுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினால், அதே வாரத்தில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போய்விடுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.