மடக்குக்கத்தி செய்வித்துக்கொள்ளும் முறை

மக்கள் கையாளும் கருவிகளுள் கத்தியினும் தொன்மையானவை மிகச் சிலவே. கனி அரியவும், கயிறு அறுக்கவும், எழுதுகோல் சீவவும், கட்டவிழ்க்கவும் சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடக்குக்கத்தி போதும். ஆலையில் ஆயிரக்கணக்காக அச்சிட்டாற்போல் வெளிவரும் கத்திகள் கடைதோறும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எனினும், தம் கையின் அளவுக்கும் தம் வேலையின் இயல்புக்கும் ஏற்ப ஒரு கொல்லரைக்கொண்டு தமக்கெனவே ஒன்று செய்வித்துக்கொள்ள விழைவார் இன்றும் உளர். அவ்விழைவு உடையராயினும் எங்குச் செல்வது, யாரை வினவுவது, எதனைக் கேட்பது என்று அறியாது தயங்கும் புதியவர்க்கு உதவுமாறு சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றோம்.

இதற்கு மரக்காணத்து உப்பங்கரையை நிலைக்களனாகக் கொண்டோம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, விழுப்புரம் மாவட்டத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது மரக்காணம். ஒருபால் கடல், ஒருபால் பரந்த உப்பளங்கள், அவற்றையடுத்துப் பனந்தோப்புகளும் நெல்வயல்களும். மீன் அறுப்பவர், பாளை சீவுபவர், கதிர் அறுப்பவர் ஆகிய மூவகையாரும் கத்தியையோ அரிவாளையோ நம்பி வாழும் நிலம் இது. அன்றியும், இரும்புக்கு இதனினும் கடுமையான தேர்வு வைக்கும் இடம் அரிது. உப்பளத்தில் உப்பை வாரிக் கூட்டுவது நீண்ட கோலிற் பொருத்திய மரப்பலகையே என்பதைக் கண்டார் இதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

உப்புக்காற்று இரும்பை அரிப்பது ஏன்? கடல்நீரைக் காய்ச்சி எடுத்த தூய்மை செய்யாத உப்பில் மக்னீசியம் குளோரைடு என்னும் பொருளும் சிறிது கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே உப்புத்துகள் படிந்த கத்தியின்மேல், மழையின்றியும், கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் ஒன்று நிலைத்துவிடுகின்றது. நீரும் காற்றும் உப்பும் கூடிய விடத்துத் துரு விரைந்து ஏறும். துருவேறா எஃகு எனப்படுவதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் கலந்திருத்தல் வேண்டும். அது மேற்பரப்பில் மெல்லியதோர் உறையாய் நின்று காக்கும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி என்பார் 1913-இல் அத்தகைய எஃகை உருவாக்கினார். ஆயினும் உப்பிலுள்ள குளோரைடு அவ்வுறையையும் துளைத்து நுண்குழிகளை உண்டாக்க வல்லது. ஆதலின் உப்பங்கரையில் முற்றும் துருப்பிடியாத கத்தி என்று ஒன்றைத் தேடி அலைதல் வீண். துடைத்துப் பேணும் பழக்கமே மெய்யான காப்பு.

எஃகுத்தொழில் நமக்குப் புதியதன்று. தென்னாட்டார் மூசையிலிட்டு உருக்கிய எஃகை மேனாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். அப்பெயர் 'உருக்கு' என்னும் சொல்லின் திரிபென்பாரும், கன்னட மொழியின் 'உக்கு' என்பதன் திரிபென்பாரும் உளர். அதனைப்பற்றி ஜார்ஜ் பியர்சன் என்பார் 1795-இல் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். 1820-இல் மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி வினைஞரோடு கூடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்து வெளியிட்டதற்கும் இந்நாட்டு எஃகு ஒரு தூண்டுகோலாயிற்று. மரக்காணத்துக்குத் தெற்கே இதே கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் இரும்பாலை நிறுவியதும், அது அந்நூற்றாண்டிலேயே ஓய்ந்ததும் வரலாறு. பழைய மூசை எஃகு இன்று ஊர்ப்பட்டறைகளில் இல்லை. அதனைத் தருவதாக ஒருவர் கூறின், புதியவர் அச்சொல்லுக்காக மிகைவிலை கொடாதிருத்தல் நன்று.

இனி முறையைக் காண்போம். முதற்கண், கத்தி எதற்கு என்பதைத் தெளிதல் வேண்டும். கனி அரிவதற்கு மெல்லிய அலகு. கயிறு அறுப்பதற்குச் சற்றே தடித்த அலகு. மரம் செதுக்குவதற்கு நேரான வாய். எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பார்க்கு எதற்கும் உதவாத ஒன்றே வாய்க்கும். விரலளவாகிய மூன்று அங்குல அலகு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

அடுத்து, கத்தியின் அமைப்பை அறிதல் வேண்டும். மடக்குக்கத்தியில் அலகு, பிடி, அவ்விரண்டையும் இணைக்கும் ஆணி என்னும் மூன்றும் இன்றியமையாதன. முதுகில் வில்லும், விரிந்தபின் மடங்காது தடுக்கும் பூட்டும் சிலவற்றில் மிகுதியாக அமையும். வில்லும் பூட்டும் நுண்ணிய அளவுகளை வேண்டுவன. அரிவாளும் மண்வெட்டியும் அடித்துப் பழகிய கைக்கு அவை புதியன. ஆகவே முதன்முதல் செய்விப்போர் ஆணியின் இறுக்கத்தாலேயே நிற்கும் எளிய வகையைத் தேர்தல் அறிவுடைமை. ஜப்பான் நாட்டு மிகி நகரத்தில் செய்யப்பெறும் 'ஹிகோனோகாமி' என்னும் கத்தி இவ்வகையினது. பிரான்சு நாட்டுச் சவாய்ப் பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890-இல் வகுத்த மரப்பிடிக் கத்தியும் தொடக்கத்தில் பூட்டின்றியே இருந்தது. பூட்டுவளையம் 1955-இல்தான் சேர்ந்தது. உலகப் புகழ் பெற்றவையே இத்துணை எளிமையினவாயின், நம் பட்டறைக் கத்தி எளிதாயிருத்தல் இழுக்கன்று.

மூன்றாவது, கொல்லரைக் கண்டறிதல். விளம்பரத்தை நம்புவதினும் கருவியை ஆள்வாரை வினவுதல் சிறந்தது. பனையேறுபவரின் அரிவாளையும், மீன் அறுக்கும் பெண்டிரின் கத்தியையும் காண்க. எத்தனை ஆண்டு ஆண்டது, எத்தனை நாளுக்கொருமுறை தீட்டுகின்றனர், வாய் மடிகின்றதா, பொரிகின்றதா என்று கேட்க. ஒரே பெயர் இருவர் மூவர் வாயில் வருமாயின், அவரே நாம் தேடும் வினைஞர். சாணை பிடிப்போரும் நல்ல சான்றாவர். பலர் அடித்த இரும்பும் அவர் கையில் வந்துபோவதால் எது தேறியது, எது தேறாதது என்பதை அவர் நன்கறிவர். அருகில் எவரும் இலராயின் தொலைவிலும் தேடலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்றது. அரிவாளில் வல்லவர் மடக்குக்கத்தியிலும் வல்லவராதல் உறுதியன்று எனினும், உலையும் தோய்ச்சலும் அறிந்தவரிடம் மற்றவற்றைப் பேசிப் பொருத்திக்கொள்ளலாம்.

நான்காவது, பட்டறையில் நடந்துகொள்ளும் முறை. முன்பின் அறியாத இளைஞனொருவன் உலைக்களத்து வாயிலில் நின்று கத்தி வேண்டும் என்றால், கொல்லர் ஐயுறுதல் இயல்பே. 2021-இல் தமிழ்நாட்டுக் காவல்துறை, அரிவாளும் கத்தியும் செய்வோர் வாங்குவாரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல், அவர் கேட்குமுன்னரே அடையாளச் சீட்டைக் காட்டி, இன்ன வேலைக்கு இன்ன கத்தி என்று விளங்கச் சொல்லுதல் தகும். தன் கையாற் செய்த பொருள் ஒரு கொலைக்குக் கருவியாகுமோ என்னும் அச்சம் நல்ல வினைஞர் எவர்க்கும் உண்டு. 'ஐயா' என விளித்து, அவர் கையில் பழுத்த இரும்பு இருக்கும்போது குறுக்கிடாது பொறுத்திருந்து பேசுக. முதல்நாள் வீட்டுக் கத்தியொன்றைக் காய்ச்சி அடித்துத் தரக் கேட்டு, அவர் கைத்திறத்தைக் கண்டபின் புதிய வேலையைச் சொல்லுதல் இருவர்க்கும் நலம்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், வீட்டுக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் உரியவை ஒழிந்த கத்திகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டவற்றையும் 2 அங்குலத்துக்கு மேல் அகன்றவற்றையும் படைக்கலமாகக் கொள்கின்றன. நாம் கூறும் கத்தி அவ்வளவுக்கு மிகச் சிறியது. ஆயினும் சிறிதென்பது கொண்டு எங்கும் எடுத்துச் செல்லலாம் என எண்ணற்க. வானூர்தியில் கைப்பையில் வைத்தல் கூடாது. கல்லூரிக்கும் விடுதிக்கும் கூட்டங்களுக்கும் கொண்டுபோதல் தகாது. பொத்தானை அழுத்தத் தானே பாய்ந்து விரியும் கத்தியைக் கேளாதிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, வேலையை ஒப்படைத்தல். வாய்ச்சொல் மட்டும் போதாது. தடித்த அட்டையில் கத்தியின் வடிவை உண்மை அளவில் வெட்டி, அலகும் பிடியும் குண்டூசியால் இணைத்து மடக்கிப் பார்க்க. கையில் பொருந்தும்வரை திருத்துக. இடக்கையர் அதனை முன்னரே சொல்லுக. அவ்வட்டையின்மேல் அலகின் நீளம், தடிப்பு, பிடியின் மரம், விலை, முன்பணம், தரும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்க. அறுவடைக்கு முன் பட்டறையில் அரிவாள் வேலை மிகும். அக்காலத்து விரைவுபடுத்தல் முறையன்று.

இரும்பைப் பற்றியும் ஒரு சொல். ஊர்ப்பட்டறைகளில் பெரிதும் பயன்படுவது லாரியின் பழைய வில்பட்டை. அது நல்ல எஃகே. ஆயினும் நெடுநாள் உழைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருத்தல் கூடும். புதிய பட்டை வாங்கித் தருவதாகக் கூறினால் கொல்லர் மறுக்கமாட்டார். கத்தியின் உயிர் தோய்ச்சலில் உள்ளது. காந்தம் ஒட்டாத அளவுக்கு, அஃதாவது ஏறக்குறைய 770 பாகை செல்சியசைக் கடந்து, சீராகப் பழுக்கவைத்து எண்ணெயில் தோய்த்தால் எஃகு கடினமாகும். அதே வேளையில் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பையும் பெறும். பின்னர் 200 பாகையை ஒட்டி, துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றும்வரை மீண்டும் இளஞ்சூடு காட்டினால் நொறுங்கும் தன்மை நீங்கி உறுதி நிலைக்கும். முதற்சூட்டைச் செய்து இரண்டாவதை விட்டால் வாய் பொரியும். முதலதே குறைந்தால் வாய் மடியும். 'தோய்ச்சலுக்குப்பின் இளஞ்சூடு காட்டுவீர்களா?' என்னும் ஒரு வினா, கேட்பவரின் அறிவையும் விடைசொல்பவரின் அறிவையும் ஒருங்கே காட்டிவிடும்.

பிடிக்கு வேம்பும் கருவேலும் தகும், எருமைக்கொம்பும் ஆகும். மான்கொம்பும் யானைத்தந்தமும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டன. அவற்றை ஒருவர் தந்தாலும் கொள்ளற்க. உப்பங்கரைக்கு ஆணி பித்தளையாயிருத்தல் நன்று. அதிற் செந்துரு ஏறுவதில்லை.

கத்தியைப் பெறும்போது அங்கேயே ஆராய்க. மெல்ல விரித்து மடக்கினால் தடையின்றி இயங்குகின்றதா? விரித்தபின் அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகின்றதா? மடக்கினால் வாய் முழுதும் பிடிக்குள் அடங்குகின்றதா? நுனி சிறிதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருத்தித் தரக் கேட்க. பையில் கைவிடுவோர்க்கு அது தீங்காகும். கொல்லரையே அலகின்மேல் அரத்தை மெல்ல வைத்துக் காட்டச் சொல்லுக. நன்கு தோய்ந்த எஃகில் அரம் பற்றாது வழுக்கும். குறையிருப்பின் பணிவோடு அன்றே சொல்லுதல் வேண்டும். வாளா வாங்கிச்சென்று ஊர்முழுதும் தூற்றுதல் அறமன்று.

பேணுதல் எளிது. உப்புக்காற்றில் பயன்படுத்தியபின் நன்னீரில் கழுவி, உலரத் துடைத்து, அலகிலும் ஆணியிலும் ஒரு துளி தேங்காயெண்ணெய் இடுக. கனி அரியும் கத்திக்கு இயந்திர எண்ணெய் ஆகாது. தோலுறையில் நெடுநாள் அடைத்து வைத்தல் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இறுதியாக, வாங்குவோரின் கடமை ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். ஒருவர் கைக்கென அளந்து செய்த கத்தி பிறர் கைக்குப் பொருந்தாது. சொல்லிவிட்டு வாங்க வாராதவரால் கொல்லருக்குக் கரியும் இரும்பும் மட்டுமன்றிப் பல நாள் உழைப்பும் வீணாகும். ஆலைப்பொருளின் மலிவால் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் அவிந்துவரும் இந்நாளில் அவ்விழப்பைத் தாங்கும் வலி பட்டறைக்கு இல்லை. திருமறையில் சாமுவேலின் முதல் நூல் ஒரு நாட்டின் நிலையைக் கூறும்: இசுரவேல் நாடெங்கும் கொல்லர் ஒருவரும் இலராக, மக்கள் தம் கொழுவையும் கோடரியையும் தீட்டுதற்கும் பகைவராகிய பெலிஸ்தரிடமே செல்லவேண்டியதாயிற்று. கொல்லரை இழந்த நாடு தன் கையையே இழந்த நாடு என்பது அதனால் விளங்கும். ஆதலின் ஒரு சிறு கத்தியைச் சொன்ன நாளில் சென்று, சொன்ன விலையைக் குறையாது கொடுத்து வாங்குதல், கருவியொன்றைப் பெறுதல் மட்டுமன்று. ஓர் உலையில் நெருப்பு மறுநாளும் எரியச் செய்தலும் ஆகும்.