எம்.எஸ். சுப்புலட்சுமி: இன்ஸ்டா இல்லாத காலத்தில் மதுரைப் பொண்ணுக்கு ரசிகர் பட்டாளம் சேர்ந்தது எப்படி?

பிடிச்ச பாடகி புதுப்பாட்டு விட்டா நடுராத்திரி வரை முழிச்சிருந்து கேட்பது, அவங்க உடுத்தின கலர்லயே துணி எடுப்பது, யாராவது ஒரு வார்த்தை குறைச்சுப் பேசினா கமென்ட்டில் மல்லுக்கு நிற்பது... "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பெரியவர்களின் தாத்தா பாட்டி காலத்திலேயே மதுரையில் இருந்து கிளம்பிய ஒரு பதின்வயதுப் பெண்ணின் குரல் இதே வேலையைச் செய்திருக்கிறது. அவர்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி.

எம்.எஸ். என்றதும் நமக்கு ஞாபகம் வருவது விடியற்காலை சுப்ரபாதமும் பட்டுப்புடவை கட்டிய அந்தப் பெரியவரின் முகமும்தான். அதனாலேயே 1930களின் இளம் எம்.எஸ். நம் கண்ணில் படுவதில்லை. அவர் பாடியது கர்நாடக இசை. 'பாப்' என்ற சொல்லே அப்போது இங்கே கிடையாது. ஆனால் இசைத்தட்டு, சினிமா, பத்திரிகை என மூன்றும் சேர்ந்து ஒரு பாடகியைத் தூக்கிவிட்டதென்றால், அது இன்றைய பாப் ஸ்டார் கதைதானே?

இனிஷியலிலேயே ஊரும் அம்மாவும்

எம் என்றால் மதுரை. எஸ் என்றால் சண்முகவடிவு, வீணைக் கலைஞரான அவருடைய அம்மா. அப்பா பெயரை முன்னால் போடும் ஊரில் அம்மா பெயரோடு வாழ்ந்தவர் எம்.எஸ். 1916 செப்டம்பர் 16ஆம் தேதி, மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அனுமந்தராயன் கோயில் தெருவில் பிறந்தார். தேவதாசி மரபில் வந்த குடும்பம். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீட்டில் செல்லப் பெயர் குஞ்சம்மா.

இந்தக் குஞ்சம்மாவே முதலில் ஒரு ரசிகை. கிராமபோன் மீது அவ்வளவு மோகம். காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டு தட்டில் வரும் பாடகர் போலவே பாடிக்கொண்டிருப்பாராம். சீப்பை மைக்காகப் பிடித்து கண்ணாடி முன்னால் பாடாத பிள்ளை இன்று உண்டா? பத்து வயதிலேயே அவர் குரலும் இசைத்தட்டில் ஏறிவிட்டது.

பிளேட்டு என்ன செய்தது?

அதுவரை பாட்டு கேட்க கோயில் திருவிழாவோ, பெரிய வீட்டுக் கல்யாணமோ வரணும். இல்லாவிட்டால் ஜமீன்தார், மிராசுதார் வீட்டுக் கூடத்தில் உட்கார இடம் இருக்கணும். யார் ரசிகர் என்பதை அழைப்பிதழ்தான் முடிவு செய்தது.

கிராமபோன் இதை மாற்றிவிட்டது. கையால் சாவி கொடுத்தால் போதும். மின்சாரம் வராத ஊரிலும் பாடும். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். முடிந்தால் ஊசியை மறுபடி ஓரத்தில் வைத்து முதலில் இருந்து கேட்கலாம். நாம் இன்று 'லூப்'பில் போடுகிறோமே, அதேதான். ஒரே பாட்டை நூறு தடவை கேட்டவருக்குப் பாடகி மூச்சு எடுக்கும் இடம் வரை மனப்பாடம். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத பெண் வீட்டு ஆள் போல ஆகிவிடுவார்.

இந்த ஒருவழி நெருக்கத்துக்கு 1956இல்தான் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'பாராசோஷியல்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது; ஆனாலும் பழகின உணர்வு வரும். அவர்கள் பேசியது ரேடியோ, டிவி பற்றி. மதுரையில் பிளேட்டு போட்டவர்களுக்கு அது பெயர் இல்லாமலே தெரிந்திருந்தது.

தட்டில் கேட்ட குரலை நேரில் கேட்கவும் ஆள் சேர்ந்தது. 1933 கும்பகோணம் மகாமகத்தில் பாடியபோது எம்.எஸ்.ஸுக்கு வயது 16. மேடை முழுக்க ஆண்கள் கையில் இருந்த காலம் அது.

சினிமா, பத்திரிகை, புடவை

1936இல் மதுரை வீட்டை விட்டு சென்னைக்கு வந்தார். 1938இல் 'சேவாசதனம்', 1940இல் 'சகுந்தலை'. அதே 1940இல் சதாசிவத்தைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் 'சாவித்திரி'யில் நாரதர் வேஷம் போட்டார். அதில் கிடைத்த சம்பளம்தான் 'கல்கி' பத்திரிகைக்கு முதலீடு. ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி ஏற்கெனவே எம்.எஸ். பாட்டின் பெரிய ரசிகர். இன்றைய கணக்கில், ரசிகரே சேனல் நடத்திய மாதிரி.

கடைசிப் படம் 'மீரா', 1945இல் தமிழில், இரண்டு வருஷம் கழித்து இந்தியில். அதற்குப் பிறகு நடிக்கவில்லை. ரசிகர்களுக்கும் அந்த மீராவே போதுமானதாக இருந்தது. பக்தை, பிறகு அம்மா, பிறகு கிட்டத்தட்ட தெய்வம். அவர் உடுத்திய நீலத்துக்கு 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் வந்து, பட்டுக்கடையில் அதைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் காகிதக் குழலில் பாடிய குஞ்சம்மாவும், நாரதராக நடித்த துணிச்சல்காரியும் அந்த நீலத்துக்குப் பின்னால் மறைந்தே போனார்கள். ரசிகர் தரும் அன்புக்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

இதைப் பற்றிப் பேசினாலே இன்றும் சண்டைதான். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015இல் எம்.எஸ். பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். சாதி, பிம்பம் எல்லாவற்றையும் தொட்ட கட்டுரை. பலர் கோபப்பட்டார்கள்.

கோர்ட் வரை போன ரசிகர் சண்டை

2024இல் மியூசிக் அகாடமி அதே கிருஷ்ணாவை சங்கீத கலாநிதியாகத் தேர்ந்தெடுத்தது. அதோடு எம்.எஸ். பெயரில் ஒரு விருதும் வழங்கப்படுவதால், அவருடைய பேரன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நவம்பரில் தனி நீதிபதி தடை விதித்தார். டிசம்பர் 13ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. விருதும் கொடுக்கப்பட்டுவிட்டது. மறுநாள், டிசம்பர் 16இல், அந்த விருதைப் பெற்றவராகக் கிருஷ்ணாவைக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

வழக்கில் முன்வைக்கப்பட்டது 1997 அக்டோபர் 30 தேதியிட்ட எம்.எஸ்.ஸின் உயில். தன் பெயரில் அறக்கட்டளை வேண்டாம், நினைவுச்சின்னம் வேண்டாம், சிலை வேண்டாம், அதற்காக நிதி திரட்டவும் வேண்டாம் என்று அதில் இருந்தது. மறு வருஷம் பாரத ரத்னா வாங்கியவர் அவர்.

2004 டிசம்பர் 11ஆம் தேதி எம்.எஸ். காலமானார். 2006இல் திருப்பதியில் அவருக்கு வெண்கலச் சிலை எழும்பியது. மதுரையில் பிறந்த வீட்டின் முகப்பில் இருப்பது ஒரு சின்ன வீணை உருவம்தான். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்.