நீர்ப்பகுப்பில் மலிவு உலோக வினையூக்கிகள்: சொல்லும் பொருளும்

நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எனப் பிரிப்பது மின்னாற்பகுப்பு எனப்படும். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் இதனைச் செய்து காட்டினர். இவ்வினையை விரைவுபடுத்தும் பொருளைக் குறிக்கத் தமிழகத்தில் வினையூக்கி, வினைவேகமாற்றி என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் ஊக்கி என்பது வழக்கு. தமிழும் தெலுங்கும் ஒருங்கே பேசப்படும் சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் போன்ற ஊர்களில், தெலுங்குவழிக் கல்வி பெறும் மாணவர் இதனை உத்பிரேரகம் என அறிவர்.

ஊக்கி, உத்பிரேரகம் ஆகிய இரண்டும் தூண்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. தூண்டும் பொருள் ஆற்றலையும் தரும் என்று மாணவர் கருத இச்சொற்கள் இடந்தருகின்றன. உண்மையில் வினையூக்கி ஆற்றல் எதனையும் தருவதில்லை. 25 பாகை செல்சியசில் நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் மின்னழுத்தம் தேவை. எந்த வினையூக்கியாலும் இவ்வரம்பைத் தாழ்த்த இயலாது. தொழிற்சாலைக் கலங்களிலோ 1.8 முதல் 2 வோல்ட் வரை செலவாகிறது. இம்மிகைச் செலவின் ஒரு பகுதியைக் குறைப்பதே வினையூக்கியின் பணியாகும்.

அமில ஊடகத்தில் இப்பணிக்குச் சிறந்தவை பிளாட்டினமும் இரிடியமும் ஆகும். இவை அரியவை, விலை மிக்கவை. கார ஊடகத்தில் நிக்கல், இரும்பு, கோபால்ட், மாலிப்டினம் முதலிய மலிவு உலோகங்களே பயன்தருகின்றன. நிக்கல் ஹைட்ராக்சைடில் சிறிதளவு இரும்பு கலப்பின் ஆக்சிஜன் வெளிப்படும் வினை விரைவுறுவதைக் காரிகன் 1987இல் ஆராய்ந்து வெளியிட்டார். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய வினையூக்கிகள் ஆராயப்படுகின்றன.

இம்மிகைச் செலவு சிறிதன்று. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெறுவதில் 0.1 வோல்ட் குறைந்தால் ஏறத்தாழ 2.7 யூனிட் மின்சாரம் மிஞ்சும். 2023இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டுள்ளது. அவ்வளவையும் மின்னாற்பகுப்பால் பெறுவதாகக் கொண்டால், அதே 0.1 வோல்ட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 கோடி யூனிட் மிஞ்சும். எனினும், வினையூக்கி எத்துணை மலிவாயினும் 1.23 வோல்ட்டுக்குரிய மின்சாரத்திற்கு விலை கொடுத்தே ஆகவேண்டும்.

இவ்வரம்பை அறியாதார், தண்ணீரையே எரிபொருளாகக் கொண்டு வண்டி ஓட்டலாம் என்னும் கூற்றுகளை எளிதில் நம்பிவிடுவர். வினையின் வேகத்தை மட்டுமே சுட்டுவதால் வினைவேகமாற்றி என்னும் சொல் பொருளுக்கு நெருக்கமானது. சுருக்கம் கருதி வினையூக்கி என்பதே நிலைபெறினும், அச்சொல் முதன்முதலாக வருமிடத்தில் 'இது ஆற்றல் தருவதன்று' என்னும் விளக்கத்தைப் பாடநூல்கள் சேர்த்தல் வேண்டும்.